கோட்டம்மா போட்ட பங்கு

மகன் சாக்கடைக்குழிக்குள்ள இறங்கக் கூடாதுன்னு, அடைப்பு எடுக்குற மெஷின் கேட்டு நடையா நடந்து, உதவி பண்ற டிரஸ்ட் ஆபீசரைக் காலனிக்கே கூட்டியாந்துட்டா கோட்டம்மா.

வந்தவரு, "சும்மா குடுத்தா உங்களுக்கு அருமை தெரியாதும்மா. மொதல்ல நீங்க உங்க பங்கைப் போடுங்க, அப்புறம் நாங்க போடுறோம்"னாரு.

"எங்க பங்கைப் போன தீபாவளிக்கே போட்டாச்சு சார்."

"எங்க? கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கோட்டம்மா கடப்பாரையால குழி மூடியை நெம்பித் தள்ளுனா. "இதுக்குள்ளதான் சார். நீங்களே இறங்கிப் பாருங்க."

"ஐயோ! இதுல இறங்குனா மனுஷன் செத்துருவாம்மா!"

"ஆமா சார். என் வீட்டுக்காரரு வெங்கையா அப்படித்தான் செத்தாரு."

ஆபீசரு அங்கேயே கையெழுத்துப் போட்டாரு.

மெஷின் வந்த அன்னைக்கு மகன்தான் அதை ஓட்டுனான். காலனியே கை தட்டுச்சு. கோட்டம்மா மட்டும் தட்டல.