மணி அடித்தவரின் களைப்பு

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும் அதன் முடிவு கொஞ்சம் அதிகமாகவே பொருந்தி வந்தது. அப்படிப் பொருந்தி வருகிற எதன்மேலும், ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சொன்னவர் தணிகாசலம். சுகாதாரத் துறையில் பயிற்சி அதிகாரியாக இருந்தவர். அவருக்கு ஒரு குரு. மலையடிவாரத்தில், ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருந்தார். குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு. இவர் அவரைச் சாமி என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

நர்சுகளுக்கான தொழில் நெறிமுறைப் பயிலரங்கு ஒன்று இரண்டு நாள் நடந்தது. அதை நடத்திக்கொடுத்தவர்களில் தணிகாசலமும் ஒருவர். முடிந்த மறுநாள் காலை மழையில் நனைந்தபடி குருவின் வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“சாமி, உடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. யாரோ பிழிஞ்சு போட்ட மாதிரி இருக்கு. இதுக்கு என்ன செய்யணும்?”

“தூங்குங்க” என்றார் குரு.

தூங்கினார். எழுந்தபோது மாலை ஆகியிருந்தது. மழை விடவில்லை. குரு அடுப்பில் கஞ்சி வைத்திருந்தார்.

“தேவலையா?”

“இல்ல சாமி. காலைல இருந்த மாதிரியேதான் இருக்கு.”

“கஞ்சி குடிங்க.”

குடித்தார்.

“இப்போ?”

“வயிறு நிறைஞ்சுது. அது போகல.”

“அப்படி என்னண்ணே வேலை பார்த்தீங்க? மூட்டை தூக்கினீங்களா?”

“மணி அடிச்சேன் சாமி.”

“கோயில் மணியா?”

“கிண்டல் பண்ணாதீங்க. மேசை மணி. பேசுறவங்க நேரத்தைத் தாண்டினா அடிக்கணும்.”

“யாருக்கெல்லாம் அடிச்சீங்க?”

“மெடிக்கல் காலேஜ் டீனுக்கு அடிக்கல. கோபக்காரர். வக்கீல் ஒருத்தருக்கு அடிச்சேன், அவர் காதுலயே வாங்கல.”

குரு சிரித்துவிட்டார். “மணிக்கு மரியாதையே இல்ல போலிருக்கே.”

“ஒருத்தர் மட்டும் உடனே நிறுத்திட்டாங்க.”

குருவின் சிரிப்பு நின்றது.

“யாரு?”

“ஒரு நர்ஸ். கடைசி அமர்வு. தவறைக் கண்டா வெளியே சொல்ற துணிச்சல்னு தலைப்பு. கேள்வி இருந்தா கேளுங்கன்னோம். யாரும் எழுந்திருக்கல. அப்புறம் இந்தம்மா எழுந்தாங்க. ‘எங்க பிரசவ வார்டுல ஒரு தப்பு நடந்துக்கிட்டே இருக்கு. இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல’ன்னு ஆரம்பிச்சாங்க.”

“ம்.”

“நிறைவுரைக்கு வந்தவர் வாசல்ல நிக்கிறார். பிரியாணி வேற ஆறிக்கிட்டிருக்கு. நேரமும் முடிஞ்சுபோச்சு. அடிச்சேன்.”

“அவங்க?”

“மன்னிச்சுக்குங்க சார்னு எங்கிட்ட சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க.”

குரு அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துவைத்தார்.

“பேர் தெரியுமா?”

“ஜெசிந்தா. பேட்ஜ்ல எழுதினதே நான்தான். தாலுகா ஆஸ்பத்திரி.”

“தூரமா?”

“இங்கேயிருந்து ஒரே பஸ்தான்.”

“நாளைக்குப் போறீங்களா?”

“போகணும்னுதான் சாமி நினைக்கிறேன். ஆனா எழுந்து நிக்கவே முடியலையே. முதல்ல இந்தக் களைப்பு போகட்டும்.”

“பகல் முழுக்கத் தூங்கினீங்க.”

“தூங்கினேன்.”

“சாப்பிட்டீங்க.”

“சாப்பிட்டேன்.”

“அப்பவும் போகலைன்னா, அது களைப்பு இல்லண்ணே.”

கதையை அவர் இங்கேதான் நிறுத்துவார். எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தேகம்தான். அப்படி ஒரு சாமி இருந்தாரா? கஞ்சி காய்ச்சிக்கொண்டே ஒருவர் அப்படிப் பேசுவாரா? அல்லது நல்ல வார்த்தை ஒன்றை வந்தபடியே வாங்கிக்கொள்ளத் தெரியாதது என்னுடைய குறைதானா?

போன மாதம் மறுபடியும் ஒரு பயிலரங்கு. தணிகாசலம்தான் தொடக்கவுரை. இப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் கதையைச் சொன்னார். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அந்தச் சாமி உண்மையா என்று இன்றைக்குக் கேட்டுவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். தேநீரைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

“என்னவோ தம்பி, இதைப் பேசிட்டு இறங்கினாலே ரெண்டு நாளைக்கு எழுந்திருக்க முடியறதில்ல” என்றார்.

“எவ்வளவு நாளா சார் இப்படி?”

“ரொம்ப நாளா.”

சாமியைப் பற்றிக் கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

“அந்த ஜெசிந்தா என்ன சொல்ல வந்தாங்க, சார்?” என்று கேட்டேன்.