சுவரோரத்து உப்பு

ஓர் ஊரில் ஒரு வாய்க்கால் இருந்தது. வயலுக்குப் பாய்கிற வாய்க்கால் இல்லை. கண்ணாடிச் சில்லுக்குள் தலைமுடி கனத்தில் கீறிய வாய்க்கால். காய்ச்சல்காரரின் ரத்தம் ஒரு சொட்டு இந்த முனையில் இறங்கி அந்த முனையில் ஏறினால் போதும், அங்கே உட்கார்ந்திருக்கும் கருவி என்ன காய்ச்சல் என்று சொல்லிவிடும்.

அன்றைக்கு அதில் இறங்கிய சொட்டு, ஆடு மேய்க்கிற வெள்ளத்தாயின் விரல் நுனியிலிருந்து வந்தது.

"ஒரு சொட்டு போதுமா தாயி?" என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி கேட்டாள் வெள்ளத்தாய்.

"போதும் அத்தை," என்றாள் பரிசோதனை பார்க்கும் ரோஸ்லின். "ஆனா உறையிறதுக்குள்ள அந்தப் பக்கம் போய்ச் சேரணும். சேரலேன்னா டவுன் ஆஸ்பத்திரிதான். மூணு நாள் படுக்க வச்சிருவாங்க."

"மூணு நாளா! செவலை ஆடு இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. தலையீத்து வேற. நான் பக்கத்துல இல்லேன்னா மிரண்டு போயிருமே!"

சொட்டுக்குச் சுரீர் என்றது. செவலையை அதற்குத் தெரியாதா? அந்த ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்த விரலில்தானே இத்தனை நாளாய் ஓடியது!

ரோஸ்லின் ரப்பர்க் குமிழை அமுக்கினாள். பின்னாலிருந்து ஒரு தள்ளு. சொட்டின் நடுவிலிருந்த சிவப்பணுத் தடியன்கள், "வழி! வழி!" என்று முண்டினார்கள். நடு மட்டும் கொஞ்சம் போயிற்று. ஓரம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. போன நடுவை ஓரம் பிடித்து இழுக்க, எல்லாம் சிக்கி நின்றது.

வாய்க்கால் சிரித்தது. "காலையில தண்ணி வந்தான். எப்படித் தள்ளினாலும் அவனுக்கு ஒரே குணம், வழுக்கிட்டுப் போனான். நீ என்னடா, ஆறிப்போன கூழா?"

"என் சுபாவம் அப்படி அண்ணே. சும்மா நின்னா கெட்டிப்படுவேன், உரசி இழுத்தா இளகுவேன். எங்க வெள்ளத்தாயும் அப்படித்தான். உக்காந்தா எழுப்ப முடியாது, நடந்தா பிடிக்க முடியாது."

"பேச்சு மட்டும் ஓடுது. உன் வால் உறைய ஆரம்பிச்சாச்சு, பாத்துக்கோ."

உண்மைதான். சொட்டு பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தது. அதற்குள்ளேயே கரைந்திருந்த உப்புப் பொடிசுகள் கண்ணாடிச் சுவரை ஒட்டி வரிசையாய் நின்றன. கண்ணாடிக்கு அவற்றின் மேல் ஒரு பிரியம், பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும்.

"நிக்கிறதைப் பாரு, பந்தியில இடம் பிடிக்க வந்த மாதிரி!" என்றான் ஒரு தடியன்.

"ஏலே, உங்களாலதான் எல்லாம் நிக்குது. வழிய விட்டு ஒத்துங்க!" என்று சொட்டும் சேர்ந்து ஏசியது.

ரோஸ்லின் குமிழை விட்டுவிட்டு, வாய்க்காலின் இரண்டு முனையிலும் கம்பியைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள். மின்சாரம் வந்தது. மின்னல் வீட்டுக் கடைக்குட்டி அது; ஆளைப் பார்த்து மயங்காது.

"வாங்க வாங்க!" தடியன்கள் கைலியை மடித்துக் கட்டினார்கள். "எங்களை இழுங்க. நாங்க போனா எல்லாம் வரும்."

மின்சாரம் அவர்களைத் தாண்டி ஓரத்துக்குப் போனது. "என்னப்பா, நடப்பமா?" என்று பொடிசுகளைக் கேட்டது.

"இவனுகளையா?" தடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதுவரைக்கும் எங்களை ஒத்துன்னுதான் சொன்னாங்க," என்றது ஒரு பொடிசு. "வான்னு யாரும் சொல்லலையே."

பொடிசுகள் அடி எடுத்து வைத்தன. ஒட்டிக்கிடந்த ஓரம் சுவரில் உரசியது, உரசிய இடம் இளகியது, இளகியது வழுக்கியது. ஓரத்தின் தோளைப் பிடித்து அடுத்த வரிசை, அதைப் பிடித்து அதற்கடுத்தது... தடியன்கள் சிரித்த வாயை மூடுவதற்குள் அவர்களும் போய்க்கொண்டிருந்தார்கள். ஜமுக்காளத்தை நாலு முனையும் பிடித்துத் தூக்கிப் போகிற மாதிரி, முன்பின் இல்லாமல் மொத்தச் சொட்டும் ஒரே சீராய்ப் போயிற்று.

"மெதுவாப் போங்கப்பா, கூசுது!" என்று வாய்க்கால் நெளிந்தது.

கருவி சொட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது.

"சாதாரணக் காய்ச்சல்தான் அத்தை. டவுனுக்குப் போக வேண்டாம்," என்றாள் ரோஸ்லின். "இருங்க, மாத்திரை எடுத்துட்டு வர்றேன்."

வெள்ளத்தாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி..." என்று எழுந்தாள்.

"பாத்தியா, எப்படிக் கொண்டுவந்து சேத்தோம்!" என்று தடியன்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள். சொட்டு ஓரத்துப் பக்கம் திரும்பி, "ஏசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க," என்றது.

"அது கிடக்கட்டும்," என்றது ஒரு பொடிசு. "செவலைக்கு வலி எடுக்கிறதுக்குள்ள ஆத்தா வீடு போய்ச் சேந்துருமா?"

வெளியே தெருவில், மாத்திரையை நீட்டியபடி ரோஸ்லின் வெள்ளத்தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.