காலண்டரில் விரல் வைத்த தங்கபுஷ்பம்

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் தங்கபுஷ்பம் முதலில் தயங்குவாள். ஊர்கள் வரிசை மாறிவிடுமோ, குருவையா அண்ணாச்சி சொன்னதில் எதையாவது விட்டுவிடுவோமோ என்று பயம். கூட்டிச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் மட்டும் அவளுக்குக் கிடையாது. அண்ணாச்சி பேச்சில் அதற்குமேல் கூட்ட இடமில்லை.

சிவகாசியில் அவள் வேலை பார்த்த காலண்டர் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் கழிந்து வேலை ஓய்ந்ததும், காலண்டர் தாள்களின் தலையில் தகரப் பட்டை வைத்துத் தகரம் அடிக்கிற பெண்கள் எல்லாரும் பஸ் பிடித்து டூர் போவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் யார் பெயர் வருகிறதோ, அவள் அந்த வருஷத்துக் காலண்டரைப் புரட்டி ஏதாவது ஒரு படத்தின்மேல் விரல் வைக்க வேண்டும். பஸ் அந்த இடத்துக்குப் போகும். விரல் வைக்கப் பயந்தால், வேலையில் மூத்தவள் வைப்பாள். இதுவரை பெயர் வந்தவர்கள் எல்லாரும் பயந்தார்கள். மூத்தவள் செல்லக்கனி, ஜனவரித் தாளில் இருக்கிற திருச்செந்தூர்க் கடலை விட்டு விரலை நகர்த்தியதே இல்லை. அதனால் வருஷா வருஷம் திருச்செந்தூர்.

இந்த வருஷம் தங்கபுஷ்பத்தின் பெயர் வந்தது. செல்லக்கனி அவளுடைய அண்ணன் மனைவிதான். தங்கபுஷ்பம் மதுரையைத் தாண்டாதவள். ஆனால் பனிமலைக்குத் தகரம் அடித்திருக்கிறாள், பாலைவனத்துக்கும் அடித்திருக்கிறாள். அதில் ஒன்றையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆசை எவ்வளவோ அவ்வளவுக்குப் பயமும் இருந்தது. மத்தியானம் பஸ்காரர் பதில் கேட்டு வருவார். அதற்குள் விரல் வைக்காவிட்டால் மதினி வைத்துவிடுவாள்.

விவரம் கேட்கத்தான் குருவையாவைக் கூப்பிட்டார்கள். டூர் பஸ்ஸில் அரிசி, பருப்பு, அடுப்பு, உறைமோர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, போகிற இடமெல்லாம் நம்மூர்ச் சாப்பாடு ஆக்கிப் போடுகிற சமையல்காரர் அவர். அவர் பார்க்காத ஊர் இந்தத் தேசத்தில் இல்லை. அதை அவரே சொல்லியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒரு காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

தங்கபுஷ்பம் முதலில் ஒட்டகம் நின்ற பாலைவனத்தைக் காட்டினாள். தாராளமாகப் போகலாம், வெயில்தான் கொஞ்சம் கூடுதல் என்று ஆரம்பித்தார். அங்கே தோசைமாவைக் கரைத்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாராம். திரும்பி வருவதற்குள் மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, பஸ் ஜன்னல் வழியாக வெளியே இறங்கிவிட்டது. மணலில் விழுந்ததெல்லாம் அந்தச் சூட்டிலேயே வெந்து தோசை. சக்கரம் மணலில் புதையாமல் பஸ் ஊர் வந்து சேர்ந்ததே அந்தத் தோசையின்மேல் ஓடித்தான்.

செல்லக்கனி சோற்றைப் பிசைந்துகொண்டே, "தோசைக்கு எண்ணெய் ஊத்துனது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுல ஆயில் ஒழுகிச்சு தாயி."

தங்கபுஷ்பம் தாளைத் திருப்பி, மேகம் இறங்கிக் கிடந்த ஒரு மலையைக் காட்டினாள். அங்கே மழை நிற்காது என்றார் குருவையா. அடுப்புக்குக் குடை பிடித்து ரசம் வைத்தாராம். இறக்கி வைத்தபிறகு ரசம் குறையவே இல்லை. இவர் ஒரு பக்கம் ஊற்ற ஊற்ற, வானம் மறுபக்கம் அண்டாவை நிரப்பிக்கொண்டே இருந்தது. இவருக்குப் புளியும் மிளகும் போடுகிற வேலை மட்டும்தான். பஸ்ஸில் வந்தவர்கள் குடித்து, அந்த ஊர்க்காரர்கள் குடித்து, மிச்சம் ஓடையில் கலந்து ஆற்றுக்குப் போய்விட்டது. கீழே இருந்த ஊர்களில் அந்த மாதம் முழுக்கப் புளி கரைக்காமலே மீன்குழம்பு வைத்தார்களாம்.

மீனுக்கு மிளகுக் காரம் ஒத்துக்கொண்டதா என்று பின்னாலிருந்த பொன்னுத்தாய் கேட்டாள். ரெண்டு மூன்று தும்மியதாகவும், அதைத் தன் கண்ணாலே பார்த்ததாகவும் அண்ணாச்சி சொன்னார்.

கடைசியில்தான் தங்கபுஷ்பம் பனிமலையைக் காட்டினாள். அவள் மனதில் இருந்ததே அதுதான்.

அங்கே சாம்பார் கரண்டியிலிருந்து தட்டுக்கு வருவதற்குள் கட்டியாகிவிடும், அரிவாளால் வெட்டித்தான் பரிமாற வேண்டும் என்றார் அண்ணாச்சி. மிஞ்சிய சாம்பாரைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, சாத்தூர் வெயிலில் வைத்தாராம். உருகியது. உருகின சாம்பாரில் அங்கே வைத்தபோது இருந்த சூடு அப்படியே இருந்ததாம்.

அது போகட்டும், அப்பளத்தால் வந்த வினையைக் கேளுங்கள் என்றார். அவ்வளவு உயரத்தில் காற்று லேசு. எண்ணெயில் போட்ட அப்பளம் உப்பி, சட்டியை விட்டுக் கிளம்பிவிட்டது. எட்டிப் பிடித்த திருமங்கலத்து அம்மாள் ஒருத்தியையும் தூக்கிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் எப்படித் திரும்பி வந்தாள் என்று கேட்டாள்.

"இன்னொரு அப்பளம் பொரிச்சு அனுப்புனேன் தாயி."

வாசலில் பஸ்காரரின் பைக் வந்து நின்றது. செல்லக்கனி கையைக் கழுவிவிட்டு வந்து ஜனவரித் தாளைத் தேடிப் புரட்டினாள். தங்கபுஷ்பம் காலண்டரை விடவில்லை.

"ஒரு நிமிஷம் மதினி," என்றவள் குருவையாவைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க இல்லாம போன பஸ்ஸுலயும் இப்படியெல்லாம் நடந்துருக்கா?"

அவர் முகம் சுளித்தார். "நான் இல்லாம போனா என்ன நடக்கும்? சும்மா போயிட்டு சும்மா வரவேண்டியதுதான்."

தங்கபுஷ்பம் பனிமலையின் உச்சியில் விரலை வைத்து அழுத்தினாள்.

"அப்ப இங்கயே போவோம். அண்ணாச்சி வரவேண்டாம்."

பொன்னுத்தாய்தான் சமைப்பது என்று முடிவானது.

பஸ் கிளம்புகிற அன்று குருவையாவும் வழியனுப்ப வந்து நின்றார். எல்லாரும் ஏறின பிறகும் தங்கபுஷ்பம் ஏறவில்லை. சாமான் மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தாள். அரிசி சரி, பருப்பு சரி. பருப்புக்கு அடியில் மதினி வைத்திருந்த அப்பளக் கட்டு கையில் தட்டுப்பட்டது. அதை உருவி எடுத்துக் குருவையா அண்ணாச்சியின் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.