கரடி தேடிய கூட்டம்

மொக்கையன் கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். மரத்தடியில் உதிர்ந்த பூவைத் தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் பாறைக் குழியில் மழைநீரோடு ஊறி, புளித்து நுரைத்துக் கிடக்கும் பூவைத்தான் அது தேடிப் போகும். வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடித் தள்ளாடிக் குகைக்கு வரும்.

ஒரு நாள் அப்படி வந்து, படுத்திருந்த குட்டியின் மேலேயே விழுந்து தூங்கிவிட்டது. மனைவி பேச்சி உருட்டித் தள்ளியதால் குட்டி பிழைத்தது. அதன் முன்கால் மட்டும் நசுங்கிப் போனது.

போதை தெளிந்து மொக்கையன் கண் விழித்தபோது, பேச்சி குட்டியோடு வேறு குகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"இனிமே தொடமாட்டேன், பேச்சி."

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்க. தனியா உங்களால விட முடியாது. குடியை விட்டவங்க ஒண்ணா கூடுற இடம் ஒண்ணு இருக்காம். அங்க போங்க."

"எங்க இருக்கு?"

"சாயங்காலம் ஏதோ தண்ணிக்குப் பக்கத்துல கூடுவாங்கன்னு மைனா சொல்லுச்சு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அந்தக் காட்டில் தண்ணீர் இருக்கும் இடங்கள் ஏழெட்டு இருந்தன. மொக்கையன் முதலில் குளத்துக்குப் போனது. அங்கே காட்டெருமைகள் கூட்டமாக நின்றன. இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு முன்னால் போனது.

"நான் குடிக்கிறவன்" என்றது.

"நாங்களும் குடிக்கத்தான் வந்திருக்கோம். இறங்கிக் குடி" என்றது ஒரு காட்டெருமை.

"இல்ல, நான் நிறுத்தணும்னு வந்தேன்."

"இந்த வெயில்லயா? செத்துப்போயிடுவியேப்பா."

இவர்கள் குடியை விட்டவர்களா, விடாதவர்களா? மொக்கையனுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே திரும்பியது.

மறுநாள் ஓடைக்குப் போனது. அங்கே குரங்குகள் வட்டமாக உட்கார்ந்து காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தன. கரையிலிருந்த அத்திமரம் யாருக்கு என்று அவற்றுக்குள் தகராறு. அது தெரியாமல் மொக்கையனும் ஓரமாக உட்கார்ந்தது.

"நீ மேல்கரையா, கீழ்க்கரையா?" என்று கேட்டது ஒரு குரங்கு.

மொக்கையன் குழம்பிப்போய், "நான் இலுப்பை" என்றது.

இரண்டு கரைக் குரங்குகளும் சேர்ந்து அதன் மேல் அத்திக்காய்களை வீசின.

அப்படி ஒரு கூட்டமே இல்லையோ என்று மொக்கையனுக்குத் தோன்றியது. திரும்பும் வழியில் இலுப்பைப் பூ புளித்துக் கிடக்கும் பாறைக் குழி இருந்தது. அன்றும் குடித்துவிட்டது.

மூன்றாம் நாள் எந்தக் கூட்டத்தையும் தேடவில்லை. தலை வலித்தது, நா வறண்டது. தண்ணீர் குடிக்கத்தான் மலைச் சுனைக்குப் போனது. அங்கே ஒரு மரநாயும் ஒற்றைத் தந்த யானையும் உட்கார்ந்திருந்தன.

"வா, உட்காரு" என்றது மரநாய். "நான் காத்தாயி. பனைமரத்துக் கள்ளுப்பானையே கதின்னு கிடந்தேன். அந்த நேரத்துல பாம்பு வந்து என் ரெண்டு குட்டியையும் முழுங்கிடுச்சு. இன்னைக்கு நான் குடிக்கல."

"சாராய ஊறலுக்காக ஊருக்குள்ள போய்ச் சுவரை இடிச்சேன். தந்தம் அங்கதான் போச்சு. இன்னைக்கு நான் குடிக்கல" என்றது யானை.

மொக்கையன் விழித்தது. "நான் நேத்துகூடக் குடிச்சேனே. தப்பான நாள்ல வந்துட்டேனா?"

"வர்றதுக்குத் தப்பான நாள்னு ஒண்ணு கிடையாது" என்றது காத்தாயி.

"மருந்து எப்ப குடுப்பீங்க?"

"மருந்து இல்ல."

"இங்க தலைவர் யாரு?"

"அதுவும் இல்ல. நாங்க பேசுறோம், கேக்குறோம். அவ்வளவுதான்."

இதனால் என்ன ஆகப்போகிறது என்று மொக்கையனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் குட்டியின் கால் நசுங்கிய கதையைச் சொன்னது. யாரும் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கிளம்பும்போது காத்தாயி, "நாளைக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டது.

திரும்பும் வழியில் புளித்த பூவின் வாசம் மூக்கைத் துளைத்தது. மொக்கையன் நின்றது. நாளைக்கு அவர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்தது. வேறு பாதையாக நடந்தது.

தினமும் சுனைக்குப் போனது. நடுவில் ஒருமுறை சறுக்கிக் குடித்தும்விட்டது. அவமானத்தில் இரண்டு நாள் தலைகாட்டவில்லை. காத்தாயியே தேடி வந்து, "உன் இடம் காலியா இருக்கு" என்றது. மொக்கையன் எழுந்து அதன் பின்னால் போனது.

இலுப்பை பூத்து ஓய்ந்தது. அடுத்த மழையும் பெய்து முடிந்தது. ஒரு காலை பேச்சி குட்டியோடு வந்து நின்றது. குட்டி இன்னும் நொண்டியது.

"எப்படி விட்டீங்க?"

"தெரியல, பேச்சி. போறேன், உட்காருறேன், பேசுறேன். இன்னும் குடிக்கத் தோணுது. ஆனா குடிக்கல."

பேச்சி அதன் வாயை முகர்ந்து பார்த்தது. குகைக்குத் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

"நான் போய்க் கரையான் புற்று தோண்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் இவனைப் பாத்துக்கோங்க" என்றது.

குட்டி தயங்கித் தயங்கி அப்பாவின் மடியருகே வந்து படுத்தது. பேச்சி திரும்பும்வரை மொக்கையன் கண்ணயரவில்லை, கொஞ்சமும் அசையவில்லை.

தனியாளாய் விட முடியாத குடியையும், அதே வலியைப் பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்து அவர்களோடு நாள்தோறும் உட்கார்ந்தால் விட முடியும்.