வட்டமூஞ்சி முதலையும் பூங்காவனமும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஆறு போய்க் கடல்ல சேர்ற இடத்துல ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அந்த ராஜாவுக்கு முதலை வால் கறின்னா உயிர். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வறுத்து வெச்சா, ஒத்தை ஆளா ஒரு சட்டியைக் காலி பண்ணிடுவார். வறுக்கிறவள் பூங்காவனம். அரண்மனை அகழியில முதலை வளர்க்கிறவன் அவ புருஷன் ஏகாம்பரம்.

ஒருநாள் கப்பல்ல ஒரு மந்திரவாதி ராஜாவுக்கு விருந்தாளியா வந்து இறங்கினான். கடலுக்கு அந்தப் பக்கம் போய் வித்தை கத்துக்கிட்ட திமிரு அவனுக்கு!

"அதோ, முட்டைக்குக் காவல் கிடக்குதே, அந்தத் தாய் முதலையைப் பிடி. அது வால்தான் எனக்கு விருந்து" என்று அகழிக்கரையில நின்ன ஏகாம்பரத்துக்கிட்ட சொன்னான்.

"குஞ்சு பொரிக்கிற நேரத்துல தாயைத் தொட மாட்டேன் சாமி" என்றான் ஏகாம்பரம்.

"என்னையே எதிர்த்துப் பேசுறியா? நீயும் முதலையா கிட!"

கோலை ஒரு சுழற்று சுழற்றினான். தொபுக்கடீர்! அகழிக்குள்ள விழுந்தது ஏகாம்பரம் இல்லை, ஒரு முதலை.

பூங்காவனம் தலைவிரி கோலமா ஓடிவந்து அவன் கால்ல விழுந்தா. மந்திரவாதி சிரிச்சான். "அவன் தலையில கையை வெச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிடு. மனுஷனாயிடுவான். ஆளை மாத்தித் தொட்டியோ, கை போயிடும். மத்தியானத்துக்குள்ள முதல்ல கரையேறுற முதலை சட்டிக்குப் போகும், தெரிஞ்சுக்கோ!"

ஏன் சிரிச்சான் பாவி? அந்த நாட்டுல எந்தப் பொண்டாட்டியும் புருஷன் பேரை வாயால சொன்னதே கிடையாது.

பூங்காவனம் அகழியை உத்துப் பார்த்தா. எல்லா முதலைக்கும் மூஞ்சி கூர்மையா நீண்டிருக்கு. ஒண்ணுக்கு மட்டும் அகப்பை மாதிரி வட்டமா அகலமா இருக்கு. மத்ததெல்லாம் வாயை மூடினாலும் கீழ்ப்பல்லு வெளியில துருத்துது. இதுக்குக் கீழ்ப்பல்லு ஒண்ணுகூடத் தெரியலை. இப்போ நாம அலிகேட்டர்னு சொல்றோமே, அந்த ஜாதி. மந்திரவாதி படிச்ச ஊர்ல அதுதான் உண்டு, அவன் மந்திரத்துக்கும் அதுதான் வரும். எல்லாம் முதலைதானேன்னு அவன் கவனிக்கவே இல்லை!

அந்த நேரம் பார்த்து அலை ஏறி, கடல் தண்ணி அகழிக்குள்ள புகுந்துச்சு. மத்த முதலைங்க உப்புத் தண்ணியில ஜாலியா நீந்துதுங்க. வட்டமூஞ்சிக்கு உப்பு ஆகலை. தத்தித் தத்திக் கரையேறிடுச்சு. ஐயோ! காவலாளிங்க வலையைத் தூக்கிக்கிட்டு ஓடி வராங்க!

பூங்காவனம் பாய்ஞ்சு போய் அது தலையில கையை வெச்சா.

"ஏங்க!" ஒண்ணும் நடக்கலை.

"இந்தாங்க, என்னைப் பாருங்க!" ஒண்ணும் நடக்கலை.

"என் ராசா!" ம்ஹூம்.

வலை தலைக்கு மேல விரிஞ்சிடுச்சு. இனி என்ன வெட்கம்? கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ஊரே கேட்கக் கத்தினா: "ஏகாம்பரம்!"

வலைக்குள்ள சொட்டச் சொட்ட நனைஞ்சு உட்கார்ந்திருந்தான் ஏகாம்பரம். "என்னடி, பேரைச் சொல்லிக் கூப்பிடுற!" என்றான். அவ அவனைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

வாயைப் பிளந்து நின்ன மந்திரவாதி கோலை நழுவ விட்டான். தாய் முதலை அதை ஒரே கடியில முறிச்சுப் போட்டுச்சு. அப்புறம் அவன் கப்பலுக்கு ஓடின ஓட்டம் இருக்கே! ராஜாவோ, "அடக் கடவுளே, இதுவரைக்கும் நான் தின்னதுல யார் யார் இருந்தாங்களோ!" என்று தட்டைத் தள்ளி வெச்சவர்தான், முதலைகளை எல்லாம் ஆத்துல விடச் சொல்லிட்டார்.

அன்னையிலிருந்து பூங்காவனம் வாசல்ல நின்னு, "ஏகாம்பரம், சோறு ஆறுது!" என்று கூப்பிடுவா. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாலும் அவன் முதல் தடவை காது கேக்காத மாதிரியே இருப்பான். இன்னொரு தரம் கேட்கணுமே!