வேம்பிக்காடு பெயர் பெற்ற கதை

மரமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு மலை. மலை முழுக்க ஒரே காடு. கிழக்கு நாட்டாருக்கு அது மேற்கே இருந்ததால் மேக்காடு. மேற்கு நாட்டாருக்குக் கிழக்கே இருந்ததால் கீழ்க்காடு. உள்ளே போனவர் யாரும் திரும்பியதில்லை.

கிழக்கு நாட்டு வேம்பியின் புருஷன் சடையன், தேனெடுக்கப் போனவன் போனவன்தான். மூடுபனி இறங்கும் பகல்களில் காட்டுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வரும். "வேம்பீ... வேம்பீ..." ஒரு சமயம் காதருகே கேட்கும், மறு சமயம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். வர வர அது தேய்ந்தது. கடைசியில் "...ம்பீ" என்றுதான் கேட்டது.

காட்டின் பெயர் வழக்கைத் தீர்க்க இரு நாட்டாரும் காடு முடியும் கணவாயில் கூடினார்கள். எந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்று தலைவர்கள் இரைந்தார்கள். அப்போது ஓர் இருவாட்சிப் பறவை கிளையில் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியாம காடு சுத்திக்கிட்டே இருக்கு. உள்ளே போனவங்களும் அதோட சுத்துறாங்க. ஒரே பேர் வைங்க, நிக்கும்."

"என்ன பேர்?" என்றாள் வேம்பி.

"தொலைஞ்சவங்க கூப்பிடுற பேர்களைத்தான் அது கேட்டுக்கிட்டிருக்கு. அதுல ஒண்ணைக் கேக்குது. ஆனா குடுத்தவங்களுக்கு அந்தப் பேர் திரும்பாது."

தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள். தங்கையைத் தொலைத்துவிட்டு நின்ற மேற்கு நாட்டு மாதி, வேம்பியின் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க்கா."

காட்டுக்குள்ளிருந்து "...பீ" என்று ஒரு முனகல் வந்தது.

"என் பேரை எடுத்துக்கோ!" என்று கத்தினாள் வேம்பி.

இலைகள் அசைவற்று நின்றன. பனி விலகியது. தொலைந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், தோளிலும் இமையிலும் பாசி படர்ந்திருந்தது. மாதி ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டாள். சடையனும் வந்தான். பெண்டாட்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"வேம்பி!"

"ஓ..." என்றது அவன் முதுகுக்குப் பின்னால் காடு. அச்சு அசல் அவள் குரல்.

அவள் வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவன் திகைத்துக் காட்டைத் திரும்பிப் பார்த்தான். அவன் கால் ஒன்று தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. அவள் பாய்ந்து அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பி, "இந்தா புள்ளே..." என்றான் மெல்ல. அதற்குத்தான் அவளால் பதில் சொல்ல முடிந்தது.

அன்று முதல்தான் இரு நாட்டாரும் அதை வேம்பிக்காடு என்கிறார்கள். அதற்குள் போகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கூ' என்று குரல் மட்டும் கொடுப்பார்கள். பெயரைச் சொன்னால், அந்த ஆள் வாய் திறக்கும் முன்பே காடு பதில் சொல்லிவிடும்.