டெல்பின் பிடிச்ச கீழ்ச்சுரம்

ஒரு கடற்கரை ஊர்ல டெல்பின்னு ஒருத்தி இருந்தா. அவ கால் ஒரு இடத்துல நிக்காது. வீட்டுக்காரர் கப்பல் வேலையில. கையில நாலு மாசப் பொண்ணு. கட்டிக்கிட்டு வந்த ஊர்ல பேச ஒரு ஆள் கிடையாது. புள்ளை வீல்னு கத்தும். இவ தோள்ல போட்டுக்கிட்டு, ம்ம்ம்னு முனகிக்கிட்டே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பா. தடக் தடக், தடக் தடக்.

ம் சொல்லுடா, அப்போதான் கதை நகரும்.

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும் அறிவிச்சாங்க: "கிறிஸ்துமஸ் பாட்டுக் கொயர்ல ஒரு இடம் காலி. பாடிக் காட்ட சனிக்கிழமை வாங்க." டெல்பின் கணக்குப் போட்டா. கிடைச்சா பதினஞ்சு பேரு கூட நிக்கலாம். கிடைக்கலைன்னா திரும்ப அதே நாலு சுவரு.

அப்புறம் சனிக்கிழமை புள்ளையோட போய் நின்னா. கொயர்லயே மூத்தவங்க மேபல் அக்கா. "பாட வந்தியா, தொட்டில் கட்ட வந்தியாடி?"

"விட்டுட்டு வர ஆள் இல்லக்கா."

"சரி, கொண்டா இங்க."

கொயர் மாஸ்டர் செலஸ்டின் சார் ஆர்மோனியத்தை ஙொய்ங்னு அழுத்துனாரு. "இந்தச் சுரத்தைப் பிடிம்மா." பிடிச்சா. குரல் ஆட்டுக்குட்டியாட்டம் நடுங்குச்சு. "சுமார்"னாரு.

ம்?

அப்புறம் ரெண்டாவது. "ஆடாம அசையாம ஒரு பாட்டு பாடு." பாட்டு நல்லாத்தான் வந்துச்சு. கால் மட்டும் டக் டக், டக் டக்.

"கால்ல எறும்பு ஏறுச்சா?"ன்னாங்க மேபல் அக்கா. எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. சார் நோட்டுல ஒரு கோடு கிழிச்சாரு. டெல்பினுக்கு அப்படியே ஓடிப்போயிரலாம்னு இருந்துச்சு.

அப்புறம் மூணாவது. காலியா இருந்தது ஆல்ட்டோ, அதாவது கீழ்க்குரல் இடம். நாலு பேரு சுத்தி நின்னு மெட்டை உரக்கப் பாடுவாங்க. இவ அதுக்குக் கீழ ஒரே சுரத்தை விடாம பிடிக்கணும். இவளுக்கு முன்னாடி பாடிக் காட்டுன எல்லாரும் இங்கதான் வழுக்குனாங்க. டெல்பினும் சர்ருனு வழுக்கி மெட்டோட போயிட்டா.

"நீயும் மெட்டு பின்னாடி ஓடிட்டியே."

"இன்னொரு தடவை, சார்."

"கடைசி."

ஆரம்பிச்சாங்க. அப்போ பார்த்து மேபல் அக்கா மடியில புள்ளை, வீஈஈல்! டெல்பின் கால் தானா நடக்க ஆரம்பிச்சுது, தடக் தடக். தொண்டையில வீட்டுல வர்ற அந்த முனகல். புள்ளை கத்தக் கத்த இவளும் குரலைக் கூட்டுனா அழுகை ஏறும். கீழயே நின்னா அடங்கும். அது அவளுக்குத் தெரியும். மேல நாலு பேரு பாடுறாங்க, அதுக்கும் மேல புள்ளை கத்துது. இவ குரல் சார் கொடுத்த சுரத்தை விட்டு நகரவே இல்ல. ம்ம்ம்ம்...

பாட்டு முடிஞ்சுது. புள்ளை தூங்கியிருந்துச்சு.

சார் ஆர்மோனியத்துலேருந்து கையை எடுத்தாரு. "ஆல்ட்டோ யாருகிட்டம்மா படிச்ச?"

டெல்பின் மேபல் அக்கா மடியைக் காட்டுனா. "இவகிட்டதான், சார்."

"ஆனா நடந்துக்கிட்டே பாடுறாளே!"ன்னாங்க மேபல் அக்கா.

"பின் வரிசையில ஓரமா நிக்கட்டும், மேபல். அங்க நடக்க இடம் இருக்கு."

அவ்வளவுதான். இடமும் கிடைச்சாச்சு, கதையும் அடங்கியாச்சு. இனி நீ ம் சொல்ல வேண்டாம்டா, நான் சொல்றேன். கண்ணை மூடு. ம்ம்ம்ம்...